ஐஇஎல்டிஎஸ் லிசனிங்: மேப் கேள்வியும் ஆப்போசிட்டும்

ஐஇஎல்டிஎஸ் என்ற ஆங்கிலத் தேர்வின் ரிசல்ட் வந்துவிட்டது. லிசனிங்கில் 8. ரைட்டிங் 6.5-இல் நின்றுவிட்டது, அதைப் பற்றி என்னிடம் கேட்காதீர்கள். லிசனிங் பார்ட் 2-இல், ஒருவர் பேசுவதைக் கேட்டு வரைபடத்தில் எந்த இடம் எங்கே என்று கண்டுபிடிக்கச் சொல்லும் மேப் கேள்வியைப் பற்றி மட்டும் தைரியமாகச் சொல்வேன்.

நான் போன கோச்சிங்கில் இடம் குறிக்கும் சொற்களைத் தமிழ்ப் பொருளோடு பட்டியலாகக் கொடுத்து, மனப்பாடம் செய்யச் சொன்னார்கள். பணம் வாங்கிக்கொண்டு இதைத்தான் செய்தார்கள். அதில் ஆப்போசிட் என்றால் எதிரே. இன் ஃப்ரன்ட் ஆஃப் என்றாலும் எதிரே! நாமும் பேச்சில் இரண்டையும் 'எதிர்ல' என்றுதானே சொல்கிறோம்? ஆங்கிலத்தில் அப்படி இல்லை. நடுவில் சாலையோ நடைபாதையோ இருந்து, அந்தப் பக்கம் நம்மைப் பார்த்து இருப்பதுதான் ஆப்போசிட். இந்தப் பக்கமே வாசலுக்கு முன்னால் நின்றால் இன் ஃப்ரன்ட் ஆஃப். சென்ட்ரல் வாசலில் நிற்கும் ஆட்டோ இன் ஃப்ரன்ட் ஆஃப். ரோட்டைத் தாண்டினால் வரும் ஜி.ஹெச். ஆப்போசிட். இது புரியாவிட்டால் மற்ற சொற்களைப் படித்தும் பிரயோஜனமில்லை என்பேன்.

அப்புறம் அந்த 'டு'. நம் ஊர்க் கடை போர்டுகளில் 'ஆப்போசிட் டு பஸ் ஸ்டாண்ட்' என்று பார்த்துப் பார்த்துப் பழகிவிட்டோம். இடத்தைச் சொல்ல 'ஆப்போசிட் த ஸ்டேஷன்' போதும். 'ஆஃப்' சேர்ந்தால் விஷயமே வேறு, அது நேர்மாறானது என்ற பொருளுக்குப் போய்விடும்.

பயிற்சிக்கு நான் புத்தகத்தைவிட பஸ் ஜன்னலைத்தான் நம்பினேன். ரிப்பன் பில்டிங்குக்கு நெக்ஸ்ட் டு விக்டோரியா ஹால், எழும்பூர் மியூசியம் வளாகத்துக்குள் கன்னிமாரா நூலகம் என்று வாய்க்குள் சொல்லிக்கொண்டே போவேன். வெட்கப்படுபவர்களுக்கு இது ஒத்துவராது.

தேர்வு அறையில்:

- முதலில் என்ட்ரன்ஸ் எங்கே என்று பாருங்கள். பேசுபவர் பெரும்பாலும் அங்கிருந்துதான் தொடங்குவார்.
- ஆப்போசிட் காதில் விழுந்ததும் விடையைப் போடாதீர்கள். எதற்கு ஆப்போசிட் என்பது அடுத்துதான் வரும்.
- லெஃப்ட், ரைட் நடப்பவருடையது. மேப்பில் மேலிருந்து கீழே வந்தால் உங்களுக்குத் தலைகீழ்.
- கம்ப்யூட்டர் தேர்வு என்றால் மவுஸை அந்த வழியிலேயே நகர்த்துங்கள்.

இந்தத் தேர்வில் அகாடமிக், ஜெனரல் என்று இரண்டு வகை. அகாடமிக் எழுதுபவர்களுக்கு ரைட்டிங் டாஸ்க் 1-இலும் மேப் வரலாம். ஜெனரலில் அங்கே கடிதம்தான், ஆனால் லிசனிங் இருவருக்கும் ஒன்றே.