வலமிருந்து இடமாக ஓர் ஆண்டு

2022 செப்டம்பரில் வடமேற்கு லண்டனில் உள்ள ஒரு யூதத் தொடக்கப் பள்ளியில், ஐந்து வயது நிறைந்த குழந்தைகள் படிக்கும் வகுப்பில், வகுப்பறை உதவியாளராகச் சேர்ந்தேன். இத்தகைய பள்ளிகளில் வேலைக்கு விண்ணப்பிக்க நினைக்கும் தமிழ்ப் பெண்கள் அவ்வப்போது என்னிடம் கேட்பது ஒன்றுதான்: அந்தக் குழந்தைகள் அங்கே என்ன படிக்கிறார்கள், ஒன்றும் தெரியாமல் உள்ளே போகிறவர்களால் அதோடு ஒத்துப்போக முடியுமா? ஒன்றும் தெரியாமல்தான் நானும் போனேன். அந்த முதல் ஆண்டை எப்படிக் கடந்தேன் என்பதை இயன்றவரை விரிவாகச் சொல்கிறேன்.

இங்கிலாந்தின் யூதத் தொடக்கப் பள்ளிகளில் பல அரசு நிதியில் நடப்பவை. எங்கள் பள்ளியும் அப்படித்தான். ஆங்கிலம், கணக்கு, அறிவியல் என்று தேசியப் பாடத்திட்டத்தில் உள்ள எல்லாவற்றையும் அங்கே கற்பிக்கிறார்கள். அதற்கு மேல் 'கோதெஷ்' எனப்படும் சமயக் கல்வியும் 'இவ்ரித்' எனப்படும் இன்றைய எபிரேய மொழியும் உண்டு. இவற்றுக்கான செலவைப் பெற்றோரின் நன்கொடையே பெரும்பாலும் தாங்குகிறது. கோதெஷ் ஆசிரியையைக் குழந்தைகள் 'மோரா' என்று அழைத்தார்கள். நாளடைவில் நானும் அப்படியே அழைக்கத் தொடங்கினேன். மற்றப் பணிகளில் எல்லாச் சமயத்தவரும் இருந்தார்கள்.

நேர்முகத் தேர்வும் குற்றப் பின்னணிச் சோதனையும் குழந்தைப் பாதுகாப்புப் பயிற்சியும் இந்நாட்டில் எந்தப் பள்ளியானாலும் உள்ளவைதான். முழங்காலுக்குக் கீழே இறங்கும் பாவாடையும் முழங்கையை மூடும் மேற்சட்டையும் அணிய வேண்டும் என்றார்கள். பொட்டு வைத்துக்கொள்ளலாமா என்று தயங்கிக் கேட்டேன். தாராளமாக வைத்துக்கொள்ளுங்கள் என்றார்கள். தாக்குதல் அச்சத்தால் வாயிலில் காவலர்கள் நிற்பதைக் கேள்விப்பட்டிருந்தேன். ஆனால் ஒரு குறிப்பிட்ட மணி ஒலித்தால் விளக்கை அணைத்துவிட்டு மேசைக்கு அடியில் ஓசையின்றி அமர வேண்டும் என்பதையும் ஐந்து வயதுக் குழந்தைகள் கற்கிறார்கள் என்பதை நான் எதிர்பார்க்கவில்லை. முதல் ஒத்திகையன்று என் கைகள் நடுங்கின. அவர்களுக்கோ அது பழகிப் போயிருந்தது. அப்படி ஒரு பழக்கம் அந்த வயதில் தேவைப்படுவது எனக்கு இன்றும் வருத்தம் தருகிறது.

சாப்பாட்டு விஷயத்தில் முதல் நாளே தவறினேன். நான் சைவம்தானே என்ற துணிவில் வீட்டிலிருந்து சாம்பார் சாதம் கொண்டுபோயிருந்தேன். வீட்டில் சமைத்த எதுவும் பள்ளிக்குள் வரக் கூடாது என்று மோரா மெல்லிய குரலில் விளக்கினார். உணவில் சேர்ந்த பொருள்கள் மட்டுமல்லாமல், அது வெந்த பாத்திரமும் அடுப்பும்கூடக் கணக்கில் வரும் என்றார். முழுப் பழங்களையும், யூத உணவு விதிகளுக்கு உட்பட்டது என்று காட்டும் 'கோஷெர்' முத்திரையுள்ள பொட்டலங்களையும் கொண்டுவரலாம். சமையலோடு பாத்திரத்தையும் சேர்த்தே எண்ணும் வழக்கம் என் பாட்டி வீட்டிலும் இருந்ததால், இதைப் புரிந்துகொள்வது எனக்குக் கடினமாக இல்லை.

பெரிய தவறு இரண்டாம் வாரத்தில் நடந்தது. மாலையில் வகுப்பறையைச் சுத்தம் செய்யும்போது, குழந்தைகள் வண்ணம் தீட்டிய பழைய தாள்களைத் திரட்டிக் குப்பைத் தொட்டியில் போட்டுவிட்டேன். அவற்றில் சில, பிரார்த்தனை நூலின் பக்கங்களிலிருந்து படியெடுத்தவை. மோரா அவற்றை ஒவ்வொன்றாக வெளியே எடுத்தார். இறைவனின் பெயர் எழுதப்பட்ட தாளைக் கிழித்தோ கசக்கியோ எறிவதில்லை. அதைக் 'கெனிசா' என்ற பெட்டியில் சேர்த்துவைத்து, பின்னர் இடுகாட்டில் முறைப்படி புதைப்பார்கள் என்று சொன்னார். கெய்ரோ நகரத்து பென் எஸ்ரா தொழுகைக்கூடத்தில் நூற்றாண்டுக் கணக்கில் இப்படிச் சேர்ந்து கிடந்த தாள்களிடையேதான், 12ஆம் நூற்றாண்டில் மங்களூரில் வாழ்ந்த ஆபிரகாம் பென் யிஜு என்ற யூத வணிகரின் கடிதங்கள் கிடைத்தன என்பதைப் பிறகு படித்தறிந்தேன். புத்தகத்தில் கால் பட்டால் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொள்ளும் வழக்கத்தில் வளர்ந்தவள் நான். அறியாமல் செய்ததுதான் என்றாலும் அன்றிரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. எந்தத் தாள் எதுவென்று தெரிந்துகொள்ள ஒரே வழி அந்த எழுத்துகளைக் கற்பதுதான் என்று முடிவு செய்து, மறுநாள் முதல் குழந்தைகளோடு கம்பளத்தில் அமர்ந்து நானும் படிக்கத் தொடங்கினேன்.

எபிரேயத்தில் 22 எழுத்துகள். அத்தனையும் மெய்கள் என்றே சொல்லலாம். அவற்றில் ஐந்துக்கு, சொல்லின் கடைசியில் வரும்போது வேறு வடிவம் உண்டு. உயிரொலியை எழுத்துக்குக் கீழும் மேலும் இடும் புள்ளிகளும் கோடுகளும் காட்டுகின்றன. மெய்யோடு உயிர்க்குறி சேர்ந்து உயிர்மெய்யாவதை அறிந்த தமிழருக்கு இந்த அமைப்பு உடனே பிடிபடும். ஆனால் புள்ளியின் வேலை இங்கே வேறு. தமிழில் புள்ளி இட்டால் எழுத்து தன் உயிரை இழக்கிறது. இங்கே 'பேத்' என்ற எழுத்தின் நடுவில் உள்ள புள்ளியை எடுத்துவிட்டால் அதே வடிவம் 'வேத்' ஆகிவிடுகிறது. 'ஷின்' எழுத்தின் தலையில் உள்ள புள்ளி வலப்பக்கம் இருந்தால் ஒரு சகரம், இடப்பக்கம் இருந்தால் வேறொரு சகரம். தாலெத்தையும் ரேஷையும் நான் பல வாரங்கள் குழப்பிக்கொண்டேன். என் அருகில் அமர்ந்த சிறுமி, தாலெத்துக்குப் பின்னால் ஒரு சிறிய மூலை நீட்டிக்கொண்டிருக்கும் என்று விரலால் தொட்டுக் காட்டினாள்.

எபிரேயம் வலமிருந்து இடமாகப் போகிறது. இதே குழந்தைகள் அதே ஆண்டில் ஆங்கில ஒலிப்பயிற்சியும் பெற்று, ஜூன் மாதத்தில் 40 சொற்களை வாசித்துக் காட்டும் அரசுச் சோதனைக்கும் தயாராகிறார்கள். இரண்டும் மோதும் என்று பயந்தேன். சில வாரங்களுக்கு மோதவும் செய்தது. ஆங்கில எண்களைக் கண்ணாடியில் தெரிவதுபோல் திருப்பி எழுதியவர்கள் உண்டு. மோரா இதற்காகக் கவலைப்படவில்லை. எபிரேயத் தாளில் வலது ஓரத்தில் ஒரு பச்சைக் கோடு போட்டார், அங்கிருந்துதான் புறப்பட வேண்டும் என்று. குளிர்காலம் முடிவதற்குள் கோடு தேவைப்படவில்லை. இரண்டு எழுத்து முறைகளை ஒரே சமயத்தில் கற்பது குழந்தைகளைக் குழப்பிவிடும் என்று அஞ்சித் தமிழை ஒத்திப்போடும் நம் பெற்றோர் பலரை எனக்குத் தெரியும். அந்த அச்சம் தேவையற்றது என்பதை அந்த வகுப்பில் கண்ணால் கண்டேன்.

மொழிப் பாடத்தில் எனக்குத் தனி மகிழ்ச்சி தந்த தருணங்களும் இருந்தன. எபிரேயத்தில் தந்தையை 'அபா' என்றும் தாயை 'இமா' என்றும் அழைக்கிறார்கள். மாலையில் வாயிலில் நிற்கும் தந்தையைப் பார்த்துக் குழந்தைகள் 'அபா' என்று ஓடும்போது, திருவையாற்றில் எங்கள் தெருவில் நிற்பதுபோலவே இருக்கும். கிளிக்கு அவர்கள் சொல்லும் சொல் 'துகி'. விவிலியத்தில் சாலமோன் மன்னனுக்குக் கப்பலில் வந்த பொருள்களின் பட்டியலில் இச்சொல் மயிலைக் குறிப்பதாகவும், அது நம் 'தோகை'யிலிருந்து போனதாகவும் மொழியறிஞர் பலர் கருதுகிறார்கள். இதை மோராவிடம் சொன்னபோது அவர் அன்றைய பாடத்தை நிறுத்திவிட்டு, அச்சொல்லைத் தமிழில் எழுதிக் காட்டச் சொன்னார்.

இந்த வயதில் அவர்கள் ஊன்றிக் கற்பது உண்பதற்கு முன் சொல்லும் நன்றி வாக்கியங்களை. எல்லா உணவுக்கும் ஒரே வாக்கியம் கிடையாது. ரொட்டிக்கு ஒன்று, மரத்தில் காய்ப்பதற்கு ஒன்று, நிலத்தில் விளைவதற்கு ஒன்று, மாவுப் பலகாரங்களுக்கு ஒன்று, இவற்றில் அடங்காத பிறவற்றுக்கு ஒன்று. ஆகவே தட்டில் இருப்பது எங்கிருந்து வந்தது என்று தெரியாமல் அவர்களால் வாய் வைக்க முடியாது. ஒரு நாள் இடைவேளையில் வாழைப்பழத்தை உரித்துக் கொடுத்து, மரத்துக்குரிய வாக்கியத்தைத் தொடங்கி வைத்தேன். 'மிஸ், அது மரம் இல்லை' என்று ஒருவன் நிறுத்தினான். வாழைக்கு நிலத்தில் விளைவதற்குரிய 'அதமா' வாக்கியம்தான். ஒரு முறை காய்த்ததும் அதன் தண்டு மடிந்துவிடுகிறது, நிலைத்து நிற்கும் மரம்போல் ஆண்டுதோறும் அதே கிளையில் காய்ப்பதில்லை என்பது காரணம். வாழைத் தோட்டங்களுக்கு நடுவே வளர்ந்து, குலை வெட்டியதும் மரத்தைச் சாய்ப்பதைப் பிறந்தது முதல் பார்த்தவள் நான். 'வாழை மரம்' என்ற சொல்லை ஒருபோதும் நிறுத்தி யோசித்ததில்லை.

வெள்ளிக்கிழமைகள் தனி. டிசம்பரில் லண்டனில் நான்கு மணிக்கு முன்பே சூரியன் மறைந்துவிடும். யூதர்களின் வார ஓய்வுநாள் அதற்கும் முன்பே விளக்கேற்றித் தொடங்கிவிடுவதால் பள்ளியும் மதியமே முடிந்துவிடும். அன்று ஒரு சிறுவனும் ஒரு சிறுமியும் ஓய்வுநாளின் தந்தையாகவும் தாயாகவும் அமர்வார்கள். திராட்சைச் சாறும் 'ஹலா' எனப்படும் இரண்டு பின்னல் ரொட்டிகளும் மேசையில் இருக்கும். ரொட்டிகள்மீது துணி போர்த்தியிருக்கும். ஏன் என்று கேட்டால் எல்லாக் குழந்தைகளுக்கும் பதில் தெரியும்: முதலில் திராட்சைச் சாறுக்குத்தான் வாழ்த்து சொல்கிறோம், தன்னைப் பின்னால் தள்ளிவிட்டார்களே என்று ரொட்டிக்கு வருத்தம் வரக் கூடாது. உயிரில்லாத ரொட்டியின் மனமே நோகக் கூடாது என்றால் பக்கத்தில் அமர்ந்திருப்பவரை எப்படி நடத்த வேண்டும் என்று மோரா அடுத்துக் கேட்பார். பிறகு 'செதகா' உண்டியல் சுற்றி வரும். அச்சொல்லை ஈகை என்று பெயர்த்தால் போதாது. அது நீதி என்ற சொல்லின் வேரிலிருந்து வருவது.

பண்டிகைகளை இங்கே விரித்து எழுதவில்லை. புத்தாண்டுக்குத் தேனில் தோய்த்த ஆப்பிள், சுக்கோத்துக்கு முற்றத்தில் கூரை வேய்ந்த குடில், ஹனுக்காவுக்கு எட்டு நாள் விளக்கு, பூரிமுக்கு வேடம் என்று ஆண்டு முழுவதும் அவை வந்துகொண்டே இருந்தன. எல்லாவற்றையும் முதலில் கையால் செய்ய வைத்தார்கள். விளக்கம் பிறகே வந்தது.

பெசாஹ் பற்றி மட்டும் சொல்லியாக வேண்டும். எகிப்தின் அடிமைத்தனத்திலிருந்து வெளியேறியதை நினைவுகூரும் அந்த இரவு விருந்தில், அங்கே இருப்பவர்களிலேயே மிக இளைய குழந்தை, இந்த இரவு மற்ற இரவுகளிலிருந்து ஏன் வேறுபடுகிறது என்று கேட்பது மரபு. பெரியவர்களின் கதை அந்தக் கேள்விக்குப் பதிலாகவே தொடங்குகிறது. உப்பு நீரில் கீரையைத் தோய்ப்பது, புளிக்காத அப்பத்தை ஒளித்துவைப்பது எல்லாம் குழந்தையை ஏன் என்று கேட்க வைப்பதற்காகவும்தான் என்று மோரா விளக்கினார். அந்த இரவுக்குரிய நூலில் நான்கு பிள்ளைகள் வருகிறார்கள்: அறிவாளி, தீயவன், எளியவன், கேட்கத் தெரியாதவன். நான்காமவனுக்கு நீயே தொடங்கிக் கொடு என்கிறது நூல்.

எங்கள் வகுப்பில் ஒரு சிறுவன் வகுப்பில் வாய் திறப்பதே இல்லை. மார்ச் மாதம் முழுவதும் ஒத்திகை நடந்தது. மற்றவர்கள் கேள்விகளைப் பாடும்போது அவன் மேசையைப் பார்த்துக்கொண்டிருப்பான். மோரா என்னை அவன் அருகில் அமரச் சொல்லி, நீங்கள் அவனிடம் கேளுங்கள் என்றார். நானும் தாளைப் பார்த்துத் தடுமாறி வாசித்தேன். 'உண்கிறோம்' என்று பொருள்படும் சொல்லில் தொண்டையின் அடியிலிருந்து ஓர் ஒலி வரும். அதை நான் வெறும் ககரமாகச் சொன்னேன். அவன் நிமிர்ந்து பார்த்து, 'அப்படி இல்லை' என்று சொல்லி அந்த ஒலியைச் செய்து காட்டினான். மறுபடி தவறினேன். மறுபடி காட்டினான். மூன்றாம் முறை எனக்கு 'அஃது' நினைவுக்கு வந்தது. ஆய்தத்தைச் சற்று அழுத்திச் சொல்லிப் பார்த்தேன். அவன் தலையசைத்துவிட்டு, அடுத்த வரியை எனக்குக் கற்பிப்பதற்காக முழுவதுமாகப் பாடினான். மோரா திரும்பிப் பார்க்கவில்லை. பலகையைத் துடைத்துக்கொண்டே இருந்தார். ஏப்ரல் தொடக்கத்தில், பள்ளியில் நடந்த ஒத்திகை விருந்தில் அவன் மற்றவர்களோடு சேர்ந்து பாடினான்.

ஜூன் மாதத்தில் ஒவ்வொரு குழந்தைக்கும் சொந்தமாக ஒரு பிரார்த்தனை நூலைக் கொடுக்கும் விழா நடந்தது. நூலுக்குப் பெற்றோர் தங்கள் கையால் அட்டை அலங்கரித்திருந்தார்கள். பெயர் அழைக்கப்பட்ட குழந்தை முன்னே சென்று நூலை வாங்கி, அதை முத்தமிட்டுவிட்டுத் தன் இடத்துக்குத் திரும்பும். பின்வரிசையில் நின்றிருந்த தாத்தாக்களும் பாட்டிகளும் அழுதார்கள், நானும் அழுதேன்.

ஜூலை கடைசி வாரத்தில் வகுப்பறையைக் காலி செய்தோம். ஆண்டு முழுவதும் சேர்ந்த தாள்கள் மேசைமீது குவிந்திருந்தன. மோராவுக்கு வேறு கூட்டம் இருந்ததால், இவற்றைப் பார்த்துக்கொள்ள முடியுமா என்று கேட்டுவிட்டுப் போய்விட்டார். ஒவ்வொரு தாளையும் வலது ஓரத்திலிருந்து வாசித்துக்கொண்டு வந்தேன். யோத், ஹே, வாவ், ஹே என்ற நான்கு எழுத்துகள் சேர்ந்த இறைவனின் பெயரோ அவருடைய வேறு பெயரோ வந்த தாள்களைக் கெனிசாப் பெட்டியில் வைத்தேன். மற்றவற்றைக் குப்பைத் தொட்டியில் போட்டேன். முடிக்க இரண்டு மணி நேரம் ஆயிற்று.