எத்தனை செல் எண்ணினார்கள்? ரத்தப் புற்றுநோய் ஆய்வுக்குத் தயாராகிறவர்களுக்கு

ரத்தப் புற்றுநோய், நோயெதிர்ப்பியல் ஆய்வுக்கூட நேர்முகத்தில் இப்படி ஒரு கேள்வி வரலாம்: "சிகிச்சைக்குப் பிறகு எலும்பு மஜ்ஜையில் நோய் இல்லை என்று ரிப்போர்ட் வந்திருக்கிறது. நம்புவீர்களா?" உடனே மார்க்கர் (செல்லை அடையாளம் காட்டும் புரதம்) பட்டியலை ஒப்பிக்கத் தொடங்கிவிடாதீர்கள். எத்தனை செல் எண்ணினார்கள் என்று முதலில் திருப்பிக் கேளுங்கள்.

கணக்கைப் போட்டுப் பார்த்தால் விளங்கும். பத்தாயிரத்தில் ஒரு புற்றுசெல் மிச்சமிருக்கிறது என்று வையுங்கள். ஃப்ளோ சைட்டோமீட்டரில் (செல்களை ஒவ்வொன்றாக லேசர் முன் ஓட்டி எண்ணும் கருவி) 50,000 செல் ஓட்டினால் சிக்குவது 5. அது நோயா, தூசியா, ஒட்டிக்கொண்ட இரட்டைச் செல்லா என்று உறுதியாகச் சொல்ல முடியாது. 10 லட்சம் ஓட்டினால் 100 சிக்கும். எண்ணிக்கைப் பிழை அதன் வர்க்கமூலமான 10, அதாவது 10 சதவீதம்தான். ஆனால் 10 லட்சமும் நல்ல மஜ்ஜையிலிருந்து வர வேண்டும். ஊசியின் முதல் இழுப்பில் வருவதுதான் சரக்கு. அடுத்தடுத்த இழுப்புகளில் ரத்தம் கலந்து நீர்த்துப்போகும். அதில் எத்தனை எண்ணினாலும் வீண்.

அடுத்த பள்ளம் சிகிச்சையே. பி செல்களின் மார்க்கரான சிடி19-ஐக் குறிவைக்கும் கார்-டி செல்லுக்கு (புற்றுசெல்லைத் தாக்குமாறு மரபணு மாற்றிய டி செல்) அமெரிக்காவில் 2017-ல் முதல் அனுமதி கிடைத்தது. அதற்குப் பிறகு நோய் திரும்பும்போது சில நோயாளிகளில் சிடி19 இல்லாத செல்களே வளர்கின்றன. பழைய பழக்கத்தில் முதல் கேட்டை (எந்தச் செல்களைப் பார்ப்பது என்று திரையில் வரையும் எல்லை) சிடி19 மீது போட்டால் திரையில் ஒன்றும் தெரியாது. சிடி22, சிடி24, செல்லுக்குள் இருக்கும் சிடி79ஏ என்று மாற்று வழி வைத்திருக்க வேண்டும். மைலோமாவில் (பிளாஸ்மா செல் புற்றுநோய்) டாராடுமுமாப் என்ற ஆன்டிபாடி மருந்து இதே வேலையை வேறு விதமாகச் செய்கிறது: சிடி38-ஐ மருந்தே மூடிக்கொள்வதால் சோதனை ஆன்டிபாடிக்கு ஒட்ட இடமில்லை. (சிவப்பணுக்களிலும் கொஞ்சம் சிடி38 உண்டு; அதனால் ரத்த வங்கியின் பொருத்தச் சோதனையும் குழம்பும்.) மார்க்கரைப் படிக்கும்போதே, எந்த மருந்து அதை மறைக்கும் என்றும் பக்கத்தில் எழுதிக்கொள்ளுங்கள்.

கைவேலையில், ஃபிகால் என்ற அடர்த்தியான திரவத்தால் ரத்த செல்களைப் பிரிப்பதை முதலில் கற்கலாம். ரத்தத்தில் பாதிக்குப் பாதி பிபிஎஸ் (உப்புக் கரைசல்) கலந்து, 50 மில்லி குழாயில் 15 மில்லி ஃபிகால் மேல் 30 மில்லியைச் சுவரோரமாக மெல்ல வழியவிட்டு, அறை வெப்பத்தில் 400 ஜி விசையில் 30 நிமிடம் சென்ட்ரிஃப்யூஜில் சுழற்றுங்கள், பிரேக் இல்லாமல். பிரேக் போட்டால் நடுவில் மிதக்கும், லிம்போசைட்டுகள் உள்ள வெள்ளை வளையம் கலங்கிவிடும். ஒரு நாள் பழைய ரத்தமானால் நியூட்ரோஃபில் என்ற வெள்ளையணு அடியில் இறங்காமல் வளையத்திலேயே தங்கும். கலப்படம் அங்கிருந்து வருகிறது. பலர் கவனிக்காத ஒன்று: புது ரத்தத்தில் ஃபிகால் கிரானுலோசைட்டுகளை (நியூட்ரோஃபில் போன்றவை) நீக்குவதால் மற்ற செல்களின் சதவீதம் ஊதிப்போகும். மிச்ச நோயை அளக்க ஃபிகால் வேண்டாம். சிவப்பணுக்களை மட்டும் உடைத்து மீதி எல்லாவற்றையும் எண்ணுங்கள்.

படிப்புக்கு ஒரே நோயை அடிவரை தோண்டுவது நல்லது. சிஎம்எல் (நாட்பட்ட மைலாய்டு ரத்தப் புற்றுநோய்) அதற்குத் தோதானது. 1960-ல் நோவெலும் ஹங்கர்ஃபோர்டும் குட்டையான குரோமோசோமைக் கண்டார்கள். அது 9-க்கும் 22-க்கும் நடந்த இடமாற்றம் என்று 1973-ல் ஜேனட் ரௌலி காட்டினார். 2001-ல் அதற்கான மருந்து இமாட்டினிப் அனுமதி பெற்றது. நோயெதிர்ப்பியலும் இதே நோயில் வந்து சேர்கிறது. கொடையாளரின் மஜ்ஜையில் டி செல்களை நீக்கிக் கொடுத்தபோது ஜிவிஹெச்டி (கொடையாளரின் செல்கள் நோயாளியின் உடலைத் தாக்குவது) குறைந்தது, சிஎம்எல் திரும்புவது கூடியது. அப்படித் திரும்பியவர்களுக்குக் கொடையாளரின் லிம்போசைட்டுகளை (டி செல்கள் இதில் அடக்கம்) ஏற்றியபோது பலருக்கு நோய் அடங்கியது. டி செல் என்ன செய்கிறது என்பதற்கு இதைவிடத் தெளிவான பாடம் கிடையாது.

ஆய்வுக்கூடத்தைத் தேர்ந்தெடுக்கையில் கட்டுரைப் பட்டியலோடு ஃப்ரீசரையும் பற்றிக் கேளுங்கள். எத்தனை மாதிரிகள், ஒவ்வொன்றுக்கும் நோயாளியின் ஒப்புதலும் சிகிச்சை விவரமும் இருக்கிறதா, உருக்கியபின் எத்தனை சதவீதம் உயிரோடு இருக்கிறது? 10 சதவீத டிஎம்எஸ்ஓவில் (உறையும்போது செல்லைக் காக்கும் திரவம்) நிமிடத்துக்கு 1 டிகிரி வீதம் உறைய வைத்தவை தேறும். ஏஎம்எல் (தீவிர மைலாய்டு ரத்தப் புற்றுநோய்) செல்கள் உருகும்போது, இறந்தவை கக்கிய டிஎன்ஏவில் சிக்கிக் கட்டியாகும். டிஎன்ஏவை வெட்டும் டிஎன்ஏஸ் நொதியைச் சேர்த்தால் பிரியும்.