காசிக்கு அறுபது நாள்

செப்டம்பர் 12

இந்த முறை தள்ளிப்போடுவதில்லை. அப்பா, அம்மா, என் கணவர், நான், நாலாம் வகுப்பு படிக்கும் மகள், ஐந்து பேரும் நவம்பரில் காசிக்குப் போகிறோம். ஏன் நவம்பர் என்று அப்பாவுக்குப் புரியவைக்கவே ஒரு மணி நேரம் ஆனது. மழைக்காலத்தில் கங்கை ஏறிவிட்டால் கீழ்ப்படிகள் மூழ்கிவிடும், படகு விடமாட்டார்கள், ஆரத்தியைக்கூட மொட்டை மாடிக்கு மாற்றிவிடுவார்கள். டிசம்பர் பாதிக்கு மேல் மூடுபனி. ரயில் எப்போது போய்ச் சேரும் என்று சொல்ல முடியாது. கார்த்திகைப் பௌர்ணமியன்று தேவ தீபாவளி, படித்துறை முழுக்க விளக்கேற்றுவார்கள். பார்க்க ஆசைதான். ஆனால் முழங்கால் வலியோடு அம்மா அந்த நெரிசலில் நிற்க முடியாது. பௌர்ணமி கழிந்து பத்து நாள் தள்ளி, 15ஆம் தேதி கிளம்புகிறோம்.

செப்டம்பர் 16

இன்று ரிசர்வேஷன். முன்பு 120 நாளுக்கு முன்னால் எடுக்கலாம். 2024 நவம்பரிலிருந்து 60 நாள்தான். காலை எட்டு மணிக்குக் கணினி முன் உட்கார்ந்தேன். சென்னையிலிருந்து கங்கா காவேரி எக்ஸ்பிரஸ். இரண்டு ஆற்றையும் ஒரே பெயரில் கோத்தவருக்கு ஒரு கும்பிடு.

அப்பாவுக்கும் அம்மாவுக்கும் தனி டிக்கெட் போட்டேன். அறுபது தாண்டிய ஆண்களுக்கும் நாற்பத்தைந்து தாண்டிய பெண்களுக்கும் லோயர் பெர்த் ஒதுக்கீடு உண்டு, ஆனால் அந்த டிக்கெட்டில் இரண்டு பேருக்கு மேல் இருக்கக்கூடாது. இரண்டு லோயரும் கிடைத்தன. எங்கள் மூவருக்கும் வேறு பெட்டி, பரவாயில்லை. மாலையில் அம்மா கேட்டது ஒன்றே ஒன்றுதான்: "கீழ் பெர்த் தானேடி?"

செப்டம்பர் 24

வரைபடத்தை விரித்து வைத்து உட்கார்ந்தேன். எண்பதுக்கு மேல் படித்துறைகள். எல்லாவற்றிலும் ஏறி இறங்குவது அம்மாவால் ஆகாது என்று முதலில் மனசு சோர்ந்துபோனது. அப்புறம்தான் வழி தெரிந்தது. கங்கை காசியில் வடக்கு நோக்கி ஓடுகிறாள். ஊர் முழுக்க மேற்குக் கரையில் இருக்கிறது. படித்துறைகள் எல்லாம் கிழக்கே பார்த்தவை, எதிர்க்கரை வெறும் மணல்திட்டு. விடியும்போது ஆற்றின் நடுவில் இருந்தால் மொத்த ஊர் மேலும் வெயில் விழுவதைப் பார்க்கலாம். தெற்குக் கோடியில் இருக்கும் அஸ்ஸி படித்துறையில் படகு ஏறினால் நீரோட்டத்தோடு போகலாம். அம்மா ஒரு முறை இறங்கி ஒரு முறை ஏறினால் போதும்.

மற்ற நாட்களை விட இந்த ஒரு காலைதான் எனக்கு முக்கியம்.

அக்டோபர் 1

சரஸ்வதி பூஜை. கொலு முன்னால் அம்மா வழக்கம்போல சகலகலாவல்லி மாலை பாடினாள். முடித்ததும், "இதைப் பாடின குமரகுருபரர் மடம் கட்டின இடத்துக்குத்தாம்மா போறோம்" என்றேன். மடத்துக்கு இடம் கேட்க இந்துஸ்தானி தெரியவேண்டியிருந்தது, அதற்காகத்தான் கலைமகளைப் பாடினார் என்பது வழிவழியாக வரும் செய்தி. கேதார் படித்துறைப் பக்கம் அந்த மடம் இன்றும் இருக்கிறது. அம்மா ஒன்றும் சொல்லவில்லை. ராத்திரி படுக்கப்போகும் முன், "கேதார்ல படகை நிறுத்தச் சொல்லு, படகிலேயே உட்கார்ந்து பாடிடறேன்" என்றாள்.

அக்டோபர் 19

விஸ்வநாதர் கோயிலுக்குள் செல்போன் கொண்டுபோக முடியாது, லாக்கரில் வைக்கவேண்டும். யாராவது பிரிந்துவிட்டால் எங்கே சந்திப்பது என்று முன்பே பேசி வைத்துக்கொள்ள வேண்டும். புத்தர் முதல் உபதேசம் செய்த சாரநாத் பத்துக் கிலோமீட்டர். அருங்காட்சியகம் வெள்ளிக்கிழமை மூடியிருக்கும் என்பதால் புதன்கிழமைக்கு வைத்தேன். 1905இல் தோண்டி எடுத்த அசோகரின் சிங்கத்தூண் அங்கேதான் இருக்கிறது. மகள் பத்து ரூபாய் நாணயம் ஒன்றைத் தனியாக எடுத்து வைத்திருக்கிறாள். நாணயத்தில் மூன்று சிங்கம்தான் தெரிகிறது, நாலாவதை நேரில் பார்க்கவேண்டுமாம்.

அனுமன் படித்துறையில் பாரதி தங்கிய அத்தை வீடு என் கணவரின் ஆசை. 1898இல் அப்பாவை இழந்த பையனாக அங்கே போய்ச் சேர்ந்தவர். முண்டாசும் மீசையும் அங்கே வந்தவைதான் என்பார்கள். ராம்நகர் கோட்டையை விட்டுவிட்டோம்.

நவம்பர் 2

பேசத் தயங்கிக்கொண்டே இருந்த விஷயத்தை இன்று பேசினோம். படகு அரிச்சந்திரன், மணிகர்ணிகை என்ற இரண்டு சுடுகாட்டுப் படித்துறைகள் வழியாகத்தான் போகும். சிதை எரிவதை ஒன்பது வயதுக் குழந்தை பார்க்கலாமா? அதற்கு முன்பே கரையேறிவிடலாம் என்று நான் சொன்னேன். அம்மா கேட்கவில்லை. "பார்க்கட்டுமே. தாத்தா பாட்டி பக்கத்துல இருக்கும்போது பார்த்தா பயம் இருக்காது." மகளிடம் முன்னாலேயே சொல்லிவிடுவது, போட்டோ எடுப்பதில்லை, அங்கே யாரும் சத்தமாகப் பேசுவதில்லை என்று முடிவானது. மணிகர்ணிகையை ஒட்டியே, நீரில் சாய்ந்து நிற்கும் ரத்னேஸ்வரர் கோயில் வரும். அதுவரை போய்த் திரும்புவோம்.

நவம்பர் 13

பிசியோதெரபிஸ்ட் சொன்னபடி ஒரு மாதமாக அம்மா எங்கள் மாடிப்படியில் பழகுகிறாள். ஏறும்போது நல்ல கால் முதலில், இறங்கும்போது வலிக்கிற கால் முதலில். இடது கை கைப்பிடியில், வலது கை பேத்தியின் தோளில். ஒவ்வொரு படியிலும் இரண்டு காலையும் சேர்த்து வைத்துவிட்டுத்தான் அடுத்தது. முதல் வாரம் ஆறு படி. இன்று இருபத்திரண்டு, நடுவில் ஒரே ஒரு தடவை உட்கார்ந்தாள்.

வெள்ளம் வடிந்த படிகளில் வண்டல் வழுக்கும் என்று ரப்பர் அடி வைத்த செருப்பு வாங்கியாயிற்று. காசியில் எதை விடுவது என்ற பேச்சு சாப்பாட்டு நேரத்தில் வந்தது. பாகற்காயை விடுகிறேன் என்றாள் மகள். பிடித்ததைத்தான் விடவேண்டும் என்றார் அப்பா. அவர் மாம்பழத்தை விடப்போகிறாராம். அம்மா இன்னும் யோசித்துக்கொண்டிருக்கிறாள்.