கல்மாவுச் சேறு: சிமென்டின் இடத்தில் வேண்டாம், மணலின் இடத்தில் போடுங்கள்

கல் அறுக்கும் பட்டறையில் சேரும் சேற்றைக் கான்கிரீட்டில் சேர்க்க நினைப்பவர்கள் முதலில் குறைக்கப் பார்ப்பது சிமென்டைத்தான். விலை அதிகம் என்பதால் அந்த ஆசை புரிகிறது. ஆனால் கிரானைட் மாவில் உள்ள சிலிக்கா படிக வடிவில் இருப்பது. நிலக்கரிச் சாம்பலைப் போல, சிமென்ட் வினையில் வெளிவரும் சுண்ணாம்போடு சேர்ந்து இறுகாது. மார்பிள் மாவு இன்னும் ஏமாற்றும். அதன் நுண்துகள்கள் தொடக்கத்தில் சிமென்டின் வினையைத் துரிதப்படுத்துவதால், முதல் சில நாள் வலிமை நன்றாகவே தெரியும். சிமென்டைக் கணிசமாகக் குறைத்திருந்தால் 28-ம் நாள் சோதனையில் குட்டு வெளிப்பட்டுவிடும். துகளிடை வெளியை நிரப்புவதே இந்த மாவின் உண்மையான திறமை. அதனால் சிமென்டைத் தொடாமல், மணலில் 10 சதவீதத்தை எடுத்துவிட்டு அந்த இடத்தில் இதைப் போடுங்கள்.

முதலில் எந்தக் கல்லின் சேறு என்று பாருங்கள். நீர்த்த ஹைட்ரோகுளோரிக் அமிலம் ஒரு சொட்டு விட்டுப் பொங்கினால் மார்பிள். கிரானைட்டில் பொங்காது, ஆனால் அறுக்கும்போது சுண்ணாம்பு கலந்திருந்தால் அதுவும் கொஞ்சம் பொங்கும். எஃகுத் துகள் போட்டு அறுத்த சேறாக இருந்தால் காந்தத்தில் இரும்பு ஒட்டும். அதை அகற்றாவிட்டால் பேவர் பிளாக்கின் முகத்தில் துருப்புள்ளிகள் பூக்கும். சேறு நீர்த்து ஓடும்போதே காந்தம் வைத்துப் பிரிப்பது எளிது, கட்டியான பிறகு பெரும்பாடு. பிசின் கலந்த செயற்கைக் கல்லின் சேற்றை இதோடு சேர்க்கவே கூடாது.

பலர் ஃபில்டர் பிரஸ்ஸிலிருந்து (சேற்றை அழுத்தித் தண்ணீரைப் பிழியும் இயந்திரம்) வரும் கட்டியை வெயிலில் காயவைத்து, உடைத்து, சலித்துப் போடுகிறார்கள். அவ்வளவும் தேவையில்லாத வேலை, தூசி வேறு. ஈரக் கட்டியைக் கலவைத் தண்ணீரிலேயே கரைத்துவிடலாம். அதற்கு ஈரக்கணக்கு சரியாக வேண்டும். 500 கிராம் கட்டியை 105 டிகிரி செல்சியஸில் எடை மேலும் குறையாமல் நிற்கும் வரை உலர்த்துங்கள். 400 கிராம் மிஞ்சினால், ஈர எடையில் 20 சதவீதம் தண்ணீர். உலர் எடையில் கணக்கிட்டால் அதுவே 25 சதவீதம். இந்த இரண்டையும் குழப்பிக்கொண்டால் கலவை கெட்டுவிடும்.

ஒரு கன மீட்டருக்கு 360 கிலோ சிமென்ட், 800 கிலோ மணல், நீர்-சிமென்ட் விகிதம் (தண்ணீர் எடையைச் சிமென்ட் எடையால் வகுத்தது) 0.45 என்று வையுங்கள். மொத்தத் தண்ணீர் 162 லிட்டர். மணலை 720 கிலோவாகக் குறைத்து, 80 கிலோ உலர்மாவுக்காக 100 கிலோ கட்டி எடுக்கிறோம். அதில் 20 லிட்டர் தண்ணீர் இருக்கிறது. ஊற்ற வேண்டியது 142 லிட்டர்தான். மணலின் ஈரத்தையும் இதிலிருந்து கழிக்க வேண்டும். கட்டியை இந்தத் தண்ணீரில் துடுப்பு மிக்சரால் கட்டியில்லாமல் கரைத்து, 1 மில்லிமீட்டர் சல்லடையில் வடித்து, பிறகு மிக்சரில் விடுங்கள்.

கலவை இளக்கம் குறைந்து கெட்டியாகும், ஏனென்றால் நுண்துகள் தண்ணீரைப் பிடித்துக்கொள்ளும். அப்போது தண்ணீர் ஊற்றாமல், கலவையை இளக்கும் வேதிப்பொருளான சூப்பர்பிளாஸ்டிசைசரை மட்டும் சிறிது சிறிதாகக் கூட்டுங்கள். அதற்கும் இளகாமல் பசைபோல இழுத்தால், பட்டறையில் சேற்றுநீரைத் தெளியவைக்கப் போட்ட பாலிமர் அளவுக்கு மிஞ்சியிருக்கலாம். அதை அங்கேதான் குறைக்க வேண்டும். இரண்டடுக்கு பேவர் பிளாக் என்றால் மாவை அடியடுக்கில் மட்டும் போடுவதே நல்லது: மேலடுக்கில் நுண்துகள் கூடினால் தேய்மானம் கூடும்.

சுட்ட செங்கலுக்குக் கிரானைட் சேறு இன்னும் பொருத்தம். அதிலுள்ள ஃபெல்ட்ஸ்பார் என்ற கனிமம் சூளையில் உருகிக் களிமண்ணைப் பிணைக்கும். மார்பிள் சேறு அப்படியல்ல. சூளைச் சூட்டில் அது சுட்ட சுண்ணாம்பாகிவிடும். பருத்த துகள் இருந்தால் அது பின்னால் ஈரம் குடித்துப் பருத்துச் செங்கலைப் பிளக்கும்.

காய்ந்த கிரானைட் மாவைத் துடைப்பத்தால் பெருக்காதீர்கள். அந்தத் தூசியிலுள்ள சிலிக்கா நுரையீரலைத் தழும்பாக்கும், அதைத் திரும்பச் சரிசெய்ய முடியாது. நனைத்து வழித்தெடுங்கள், தூசி எழும் இடத்தில் துணி கட்டினால் போதாது, முகத்தில் இறுக்கமாகப் பொருந்தும் என்95 முகமூடியாவது வேண்டும்.