ஓட வைக்கிறது பெரிய காரியமில்லை

எங்கள் ஊரில் பழுதான தண்ணி மோட்டரை யாரும் எறிவதில்லை. பம்பின் தலை உப்புத் தண்ணியில் அரித்துப்போனாலும் மோட்டர் நன்றாகத்தான் இருக்கும். வைண்டிங், அதாவது உள்ளே சுற்றியிருக்கிற கம்பி, எரிந்திருந்தாலும் சுற்றித்தர ஆள் உண்டு. யாழ்ப்பாணத்தில் கொக்குவில், சுன்னாகம் பக்கத் தச்சுப்பட்டறைகளில் இப்படியான மோட்டர்கள் தேய்க்கும், தீட்டும், அறுக்கும். என் பட்டறையில் பனஞ்சிலாகை தேய்க்கிற தட்டும் ஒரு கிணற்று மோட்டரில்தான் ஓடுகிறது.

கிடைத்ததை வைத்துச் சமாளிக்கிற இந்தக் கைவித்தை 1990களில் வந்தது. குடாநாட்டில் கரண்ட் இல்லாத காலம். சைக்கிளைக் கவிழ்த்து வைத்து, பெடலைக் கையால் சுற்றி, டைனமோவில் றேடியோ கேட்டவர்கள் நாங்கள். அந்தக் கெட்டித்தனத்தைப் பற்றி இன்றைக்கும் பெருமையாகக் கதைப்போம். கூடவே ஒட்டிக்கொண்ட பழக்கத்தைப் பற்றிக் கதைப்பதில்லை. அந்த டைனமோ 6 வோல்ட், 3 வாட். விரல் பட்டால் தோல் உரியும், அவ்வளவுதான். அதற்கு மூடி யார் செய்தார்கள்? ஒரு குதிரைவலு மோட்டர் 746 வாட். அதற்குக் கிட்டவும் அதே துணிவோடுதான் போகிறோம்.

கிணற்று மோட்டர்கள் பெரும்பாலும் நிமிடத்துக்கு ஏறத்தாழ 2,800 சுற்று ஓடுபவை. அதன் அச்சில் நேரே 8 அங்குலத் தட்டைப் பூட்டினால் விளிம்பு செக்கனுக்கு ஏறத்தாழ 30 மீற்றர் போகும். மணிக்கு 100 கிலோமீற்றருக்கு மேல்; ஏ-9 வீதியின் இரவு பஸ்ஸுக்கே அது கூடுதல். மோட்டரில் 2 அங்குலப் புல்லியும் தட்டின் அச்சில் 4 அங்குலப் புல்லியும் போட்டு, இரண்டையும் பெல்ற்றால் இணைத்தால் தட்டின் சுற்று பாதியாகும். சாணைக்கல் என்றால் அதில் அச்சிட்ட உச்ச வேகத்தைப் பார்க்காமல் பூட்டவே கூடாது. கல்லை விரலில் தொங்கவிட்டு மரக்கைபிடியால் மெல்லத் தட்டிப் பார்ப்பேன். நல்ல கல் கணீரென்னும். வெடிப்பு விழுந்தது மொத்தென்று கேட்கும்.

வீட்டில் செய்த மெஷினில் அரைவாசி வேலை, அதை நிற்பாட்டுவதில் இருக்கிறது என்பேன். 2022இல் மணிக்கணக்காய்க் கரண்ட் வெட்டியது நினைவிருக்கும். சாதாரணச் சுவிச் பூட்டிய மெஷின் கரண்ட் போனதும் நிற்கும். சுவிச் போட்டபடியே கிடக்கும். பெல்ற்றைச் சரிபார்க்கக் கையை விட்ட நேரம் கரண்ட் வந்தால்? தோட்டத்துப் பம்புக்குப் போடுகிற பச்சை-சிவப்புப் பொத்தான் ஸ்ரார்ட்டரை இதற்கும் போடலாம். கரண்ட் போனதும் உள்ளே இருக்கிற காந்தம் பிடியை விட்டுவிடும். பிறகு யாராவது பச்சையை அமத்தினால்தான் ஓடும். சிவப்பை முழங்கால் உயரத்தில் வைத்திருக்கிறேன். இரண்டு கையும் மரத்தில் இருக்கும்போது முழங்காலால் இடித்து நிற்பாட்டலாம். இரும்புச் சட்டத்துக்கு எர்த்தும் மெயினில், கரண்ட் கசிந்தால் தானே வெட்டுகிற 30 மில்லி அம்பியர் ட்ரிப் சுவிச்சும் இல்லாமல் பிளக்கைச் செருகுவதே இல்லை.

"தம்பி, உந்தப் பெல்ற் மூடியைக் கழட்டிவிட்டா புல்லி மாத்தச் சுகமெல்லே?" என்று பக்கத்துப் பட்டறை அண்ணை கேட்டார்.

"சுகம்தான் அண்ணை. விரலும் சுகமாப் போகும்."

சிரித்தார். தன் மெஷினுக்கு இன்னும் மூடி போடவில்லை.

பனை மற்ற மரம் போலில்லை. கறுப்பு நார் சிராம்பாய்க் கிளம்பிக் கண்ணைத் தேடி வரும், கண்ணாடி கட்டாயம். ஆனால் கையுறை போட விடமாட்டேன். சுற்றுகிற அச்சு ஒரு நூலைப் பிடித்தாலே கையை இழுத்துவிடும். சாரத்தோடு வருகிற பெடியனும் காற்சட்டை மாற்றிய பிறகுதான் மெஷினுக்குக் கிட்ட வரலாம். முதலில் முணுமுணுப்பார்கள்.

வட்டவாள் மேசை மட்டும் நான் செய்வதில்லை. அறுத்த மரம் பின்னால் இறுகி வாளைப் பிடித்தால், பலகை அறுக்கிறவன் வயிற்றுக்கே திரும்பி வரும். அதைத் தடுக்க வாளுக்குப் பின்னால், அதே கோட்டில், அறுத்த வாய் மூடாமல் பிடிக்கிற தகடான ஒரு பிரிகத்தி நிற்க வேண்டும். வாளை ஏற்றி இறக்கும்போது அதுவும் கூடவே ஏறி இறங்க வேண்டும். அந்த நுணுக்கத்துக்கு என் வெல்டிங் காணாது. காசு சேர்த்துக் கடையில்தான் வாங்கினேன்.