கையால் எழுதிய போர்டிங் பாஸ்

"கடைசியாக எந்த மென்பொருள் ரிலீசை நிறுத்தினீர்கள்?"

இன்றைய நேர்காணலில் நான் கேட்ட ஒரே உருப்படியான கேள்வி இதுதான். சைபர் பாதுகாப்பு மென்பொருளுக்கு, புராடக்ட், டெக்னாலஜி இரண்டையும் சேர்த்துப் பார்க்க ஒரு தலைவர் வேண்டும். மூன்றாவதாக வந்த பெண்மணி பதில் சொல்லாமல், கைப்பையிலிருந்து ஒரு சீட்டை எடுத்து மேசையில் வைத்தார்.

போர்டிங் பாஸ். பெயர், சீட் நம்பர் எல்லாம் நீல மையில், அவசரக் கையெழுத்தில். 2024 ஜூலை 19.

அன்றைக்கு கிரவுட்ஸ்ட்ரைக் என்ற சைபர் பாதுகாப்பு நிறுவனம் அனுப்பிய கோளாறான அப்டேட்டால் உலகம் முழுக்கச் சுமார் 85 லட்சம் விண்டோஸ் கணினிகள் படுத்துவிட்டன. விமான நிலையங்களில் போர்டிங் பாஸைக்கூடக் கையால் எழுத வேண்டியதாயிற்று. வைரஸ் இல்லை, ஹேக்கர் இல்லை. காவலுக்கு வைத்த மென்பொருளே! 78 நிமிடத்தில் அப்டேட்டைத் திரும்பப் பெற்றார்கள். ஆனால் விழுந்தவற்றில் பலவற்றை ஆள் போய் ஒவ்வொன்றாகத்தான் எழுப்ப வேண்டியிருந்தது.

"அடுத்த வாரமே, எல்லாருக்கும் ஒரே நேரத்தில் அப்டேட் அனுப்புறதை நிறுத்தினேன் சார். முதல்ல எங்க ஆபீஸ் கணினிகள், அப்புறம் நூற்றில் ஒருத்தர், அப்புறம்தான் மத்தவங்க. சேல்ஸ்காரங்க ஒரு மாசம் என்கிட்ட பேசலை."

புது வைரசுக்கான தடுப்பு தாமதமாகுமே என்றேன்.

"ஆகும் சார். எவ்வளவு தாமதம் தாங்கும்னு முடிவு பண்ணத்தானே ஆள் தேடுறீங்க?"

சரிதான்.

சம்பளம் நாங்கள் நினைத்ததைவிட அதிகம் கேட்கிறார். ஹெச்.ஆர். முகத்தில் ஈயாடவில்லை.

போகும்போது சீட்டை மறக்காமல் எடுத்துப் பைக்குள் வைத்துக்கொண்டார்.