சிங்கம்புணரி பக்கம் ஒரு வள்ளி திருமணம்

மாட்டுத்தாவணியில் திருப்பத்தூர் பஸ்ஸில் ஏறி, சூட்கேஸைக் கால் இடுக்கில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தால், மேலூர் தாண்டுவதற்குள் பக்கத்து சீட்டுக்காரர் "தம்பி என்ன வேலை பாக்குறீங்க?" என்று கேட்டுவிடுவார். நாடகத்தில் பபூன் என்றதும் முகம் மலரும். அடுத்து வரும் கேள்வி, "எங்க, ஒரு காமெடி சொல்லுங்க பாப்போம்." கொத்தனாரிடம் யாரும் "எங்க, ஒரு சுவர் கட்டுங்க" என்று கேட்பதில்லை. நமக்கு மட்டும் பஸ்ஸிலும் பரீட்சை உண்டு. கல்யாண வீடு, முடிவெட்டும் கடை என்று எங்கே போனாலும் இதே கதைதான். ஒருமுறை துக்க வீட்டில் நிஜமாகவே அழுதுகொண்டிருந்தேன், எதிரே இரண்டு சின்னப் பையன்கள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்துக்கொண்டிருந்தார்கள்.

ஸ்பெஷல் நாடகம் பார்க்காதவர்களுக்காகக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். மதுரை, புதுக்கோட்டை, காரைக்குடிப் பக்கமெல்லாம் கோயில் திருவிழாவில் விடிய விடிய நடக்கும் நாடகம் இது. வள்ளி திருமணம், பவளக்கொடி, அரிச்சந்திர மயான காண்டம் எல்லாம் சங்கரதாஸ் சுவாமிகள் (1867-1922) போட்டுக்கொடுத்த சோறு, இன்றைக்கும் அதைத்தான் சாப்பிட்டுக்கொண்டிருக்கிறோம். இதில் கம்பெனி, குழு என்று எதுவும் கிடையாது. ராஜபார்ட் (கதாநாயகன்), ஸ்த்ரீபார்ட் (கதாநாயகி), நாரதர், பபூன், டான்ஸ், ஆர்மோனியம், மிருதங்கம், பலவகைத் தாளச் சத்தம் கொடுக்கிற ஆல்ரவுண்ட் என ஒவ்வொருவரையும் தனித்தனியாகப் பேசி முன்பணம் கொடுப்பார்கள். ஒத்திகை கிடையாது. பல நாள் மேடையில்தான் முதல் அறிமுகமே. கொட்டகைக்குப் பின்னால் முருகன் வள்ளியைப் பார்த்து "வணக்கம்மா, நீங்க எந்த ஊரு?" என்று விசாரித்துவிட்டு, விடிகாலையில் தாலி கட்டுவார்.

நாரதருக்கும் வள்ளிக்கும் நடக்கிற தர்க்கத்துக்குப் பாட்டு உண்டு, பாடம் உண்டு, இருவரும் அதைப் படித்து வந்திருப்பார்கள், எதிராளி எங்கே மடக்குவார் என்பதும் ஓரளவு தெரியும். பபூனுக்கு அப்படி நோட்டு எதுவும் கிடையாது. ராத்திரி பத்து மணிக்கு மேல், இன்னும் பாதிப் பேர் சாப்பிட்டு முடித்து வராத நேரத்தில், முதல் ஆளாக மேடையேறி அந்தக் கூட்டத்தைச் சிரிக்க வைத்து உட்கார்த்தி வைப்பதுதான் என் வேலை. அதற்கு வேண்டிய சரக்கு அந்த ஊரிலேயேதான் கிடைக்கும், கையோடு கொண்டுபோக முடியாது. அதனால் நாடகம் எத்தனை மணிக்கு என்றாலும் நான் வெளிச்சம் இருக்கும்போதே ஊருக்குள் போய்விடுவேன்.

சிங்கம்புணரியில் இறங்கினால் கயிறு திரிக்கிற இடங்களிலிருந்து தேங்காய் நார் வாசனை வரும். பஸ் ஸ்டாண்டு சுவரில் எங்கள் நோட்டீஸ் ஒட்டியிருந்தது. அதில் என் படத்துக்குக் கீழே 'நகைச்சுவைத் தென்றல்' என்று போட்டிருந்தார்கள். பட்டம் கொடுத்தது அச்சகக்காரர்தான், இதற்காக ஊர் கூடி விழா எதுவும் எடுக்கவில்லை. படத்தில் தலை நிறைய முடி. விழாக் கமிட்டி அனுப்பிய பைக் பையன் நோட்டீஸைப் பார்த்தான், என்னைப் பார்த்தான், மறுபடி நோட்டீஸைப் பார்த்தான். "அண்ணே, இவரு வரலையா?" என்றான். "அவரு போன மாசமே வந்துட்டுப் போயிட்டாரு, ஏறுப்பா" என்றேன்.

ஊருக்குள் முதல் வேலை டீக்கடை. ஒரு டீயை அரை மணி நேரம் குடிக்கத் தெரியாதவன் பபூனாக முடியாது. தண்ணி எத்தனை நாளைக்கு ஒருமுறை வருகிறது, டவுன் பஸ் ஒழுங்காக வருகிறதா, போன திருவிழாவில் ராட்டினத்தில் மயக்கம் போட்ட பெரியமனுஷன் யார் என்று காதில் விழுகிறதெல்லாம் சரக்குதான். ஆனால் இதைவிட முக்கியம், எதைத் தொடக்கூடாது என்று தெரிந்துகொள்வது. எந்த வீட்டில் சமீபத்தில் சாவு விழுந்தது, எந்தப் பங்காளிகள் கோயில் வரவுசெலவில் முறைத்துக்கொண்டு இருக்கிறார்கள், எந்தத் தெருவில் பெண் வீட்டை விட்டுப் போயிருக்கிறது என்பதெல்லாம் தெரியாமல் மேடையில் ஒரு வார்த்தை விட்டால், சிரிப்பு வராது, சேர்தான் பறந்து வரும். டீக்கடைக்காரரிடம் நேரடியாகக் கேட்டால் வாயைத் திறக்க மாட்டார். "அண்ணே, இந்த ஊர்ல சண்டையே கிடையாதாமே?" என்று மட்டும் சொல்லிப் பார்க்க வேண்டும். அப்புறம் நாம் கேட்கிற வேலைதான்.

மேக்கப் நாமே போட்டுக்கொள்வதுதான். நாற்பது வாட்ஸ் பல்பு, ஆணியில் தொங்கும் கண்ணாடி, பான்கேக், ரோஸ் பவுடர். கம்பித் தட்டிக்கு அந்தப் பக்கமிருந்து பத்துப் பிள்ளைகளாவது முகம் வரைவதை எட்டிப் பார்க்கும். "மீசையைக் கோணலா வையிண்ணே" என்று யோசனை சொல்லும். பெரும்பாலும் நல்ல யோசனையாகவே இருக்கும்.

மேடையில் நமக்குத் துணை ஆர்மோனியக்காரர்தான். நான் பேசப் பேச அவர் "அப்படியா? பெறகு?" என்று கொக்கி போட வேண்டும், சிரிக்கவும் வேண்டும். எத்தனையோ ஊரில் கேட்ட அதே ஜோக்குக்கு, இப்போதுதான் கேட்பதுபோலக் குலுங்கிக் குலுங்கிச் சிரிப்பார். என்னைக் கேட்டால், எங்களில் பெரிய நடிகர் ராஜபார்ட் இல்லை, அவர்தான். கூட்டமும் ஒரு கணக்கோடுதான் சிரிக்கும். முன்வரிசையில் சாக்கை விரித்து உட்கார்ந்த பிள்ளைகள் நான் வாயைத் திறந்ததுமே சிரிக்கும். பெண்கள் முந்தானையால் வாயை மூடிக்கொண்டு சிரிப்பார்கள். பின்னால் டிராக்டரில் சாய்ந்து நிற்கிற ஆம்பளைகள் மட்டும், தலைவர் சிரிக்கிறாரா என்று ஓரக்கண்ணால் பார்த்துவிட்டு அப்புறம்தான் பல்லைக் காட்டுவார்கள்.

அன்றைக்கு நன்றாகத்தான் போய்க்கொண்டிருந்தது. "வீட்டுக்குப் போனா என் பொண்டாட்டி கதவையே திறக்க மாட்டேங்குறாய்யா" என்று ஆரம்பித்தேன். வழக்கமாக ஆர்மோனியக்காரர் "ஏன்?" என்று கேட்பார். அவர் வாயைத் திறப்பதற்குள், முன்னால் வெற்றிலை இடித்துக்கொண்டிருந்த ஒரு அப்பத்தா, இடிப்பதை நிறுத்தாமலே, "பெறகு? ராத்திரியெல்லாம் ஊரு சுத்துனா ஆரத்தியா எடுப்பா?" என்றது. டிராக்டர்காரர்கள் தலைவரைப் பார்க்காமலே சிரித்துவிட்டார்கள். ஆர்மோனியக்காரர் கட்டையிலிருந்து கையை எடுத்துவிட்டுச் சிரித்தார், அது நடிப்பில்லை. நான் துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு, அப்பத்தாவுக்கு ஒரு கும்பிடு போட்டுவிட்டு டான்ஸைக் கூப்பிட்டேன்.

அன்பளிப்பு அறிவிப்புகள் தனிக் கச்சேரி. வள்ளி உருகிப் பாடிக்கொண்டிருக்கும்போதே மைக்கில் "கீழத்தெரு இளைஞர்கள் சார்பாக ஆர்மோனியத்துக்கு ஐம்பது ரூபாய்" என்று வரும். அந்த நோட்டைச் சட்டையில் குத்தி, அவர் எழுந்து நன்றி சொல்லி உட்காரும்வரை வள்ளியின் சோகம் காத்திருக்கும். கூடவே "கோயில் வாசல்ல நிக்கிற டிவிஎஸ் யாருது, எடுங்கப்பா" என்பதும் வரும். தினைப்புனமானால் என்ன, பார்க்கிங் பிரச்சினை எல்லா இடத்திலும் உண்டு.

விடிந்ததும் தேங்காய் எண்ணெய் போட்டு முகத்தைத் துடைத்து, மீதிப் பணத்தை வாங்கிக்கொண்டு முதல் பஸ்ஸைப் பிடித்தேன். மேக்கப் கலைந்த பபூனை யாருக்கும் அடையாளம் தெரியாது, அது ஒரு வசதி. பக்கத்தில் உட்கார்ந்தவர் ராத்திரி நாடகம் பார்த்துவிட்டு வந்தவர், கண் சிவந்திருந்தது. "எப்படிண்ணே இருந்துச்சு?" என்று சும்மா கேட்டு வைத்தேன்.

"ராஜபார்ட் குரலு அருமை. பபூன் சுமாருதான். ஆனா எங்க ஊரு கெழவி ஒண்ணு ஒரு போடு போட்டுச்சு பாருங்க..." என்று ஆரம்பித்து மேலூர் வரை அதையே சொல்லிச் சிரித்துக்கொண்டு வந்தார்.

அடுத்த நாடகம் மானாமதுரைப் பக்கம், ஆர்மோனியம் இதே அண்ணன்தான். போனைப் போட்டு, "கதவு ஜோக்குக்கு இனிமே ஏன்னு கேக்காதீங்கண்ணே, அந்த அப்பத்தா சொன்னதை நீங்க சொல்லிடுங்க" என்றேன். "அதை நான் ராத்திரியே எழுதி வச்சுட்டேன்" என்றார்.